கேட்டீங்க, சொல்லிட்டேன்

“நான் முட்டி போட்டதும் எடுத்துருங்கண்ணா. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. மூஞ்சில அந்த ஆச்சரியம் விழுகோணும்,” என்று சொல்லியிருந்தான் தீனதயாளன்.

கொல்லிமலை வியூ பாயின்ட்டில், பாறைக்குப் பின்னால் கேமராவோடு குத்தவைத்திருந்தேன். எறும்பு கடித்தும் அசையவில்லை.

தனப்பிரியா வந்து நின்றாள். அவன் சட்டென்று மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினான்.

“தனா, என்னையக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

க்ளிக். அவன் கேட்ட ஆச்சரியம் அப்படியே விழுந்தது.

“ஏனுங்க, நெசமாலுமே கேக்கறீங்களா?”

“நெசமாத்தான்!”

“அப்ப, மனசுல இருக்கறதச் சொல்லலாமுங்களா?”

“சொல்லு, சொல்லு!”

“எனக்கு வேண்டாமுங்க.”

அவன் சிரித்தான். “வெளையாடாத தனா. பத்திரிக்கை ஊரு பூரா குடுத்தாச்சு. வர்ற புதங்கெழம கல்யாணம்!”

“ஆமாங்க. பொண்ணு பாத்தாங்க, உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுனாங்க, மண்டபம் புடிச்சாங்க. உனக்குச் சம்மதமான்னு ஒருத்தரும் கேக்கல. நீங்கதான் மொதல்ல கேட்டீங்க. சொல்லிட்டேன்.”

நீட்டிய மோதிரம் அப்படியே நின்றது. அவள் என் பாறையைப் பார்த்துத் திரும்பினாள்.

“கேமரா சத்தம் கேட்டுச்சுங்கண்ணா. வெளிய வாங்க. எங்கப்பாவுக்கு அனுப்பறதுக்கு என்னைய மட்டும் ஒண்ணு எடுங்க.”

எழுந்து கேமராவைத் தூக்கினேன். நிச்சயத்தன்று “சிரிம்மா, கொஞ்சம் சிரிம்மா” என்று நானூறு படத்துக்கும் கெஞ்சியிருந்தேன். ஒன்றுக்கும் அவள் சிரிக்கவில்லை.

இன்று, நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிட்டாள்.