யார் போர்டில் முழிப்பது?

"தொழில் இன்னான்றது அப்புறம் பாத்துக்கலாம் மேடம். மொதல்ல அட்ரஸைப் போடுங்க."

கண்ணாயிரம் இப்படிச் சொன்னதும் ஆடிட்டர் வசுமதி பேனாவை மூடிவிட்டார். செங்கல்பட்டில் அவரிடம் கம்பெனி பதிவு செய்ய வருகிறவர்கள் தொழிலைச் சொல்வார்கள், பெயரைச் சொல்வார்கள். விலாசத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர் இவர்தான்.

"மூணு வேன் வச்சிருக்கீங்க. ஷெட்டு இங்கே, நீங்க இங்கே. உங்க வீட்டு விலாசத்தையே பதிவு அலுவலகமாக் கொடுத்துடலாமே சார்?"

"ஊஹூம். முட்டுக்காடுதான்."

"அங்கே யார் இருக்காங்க?"

"சடையப்பன் இருக்கான்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கண்ணாயிரம், சடையப்பன், ஏசுபாதம் மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பரீட்சையில் கண்ணாயிரத்தைப் பார்த்துத்தான் சடையப்பன் எழுதுவான். பெயிலானது கண்ணாயிரம்.

அதையாவது மன்னித்துவிட்டார். போன மாதம் டீ குடிக்க வரச்சொன்னானே என்று முட்டுக்காட்டுக்குப் போனவர், கேட்டிலேயே நின்றுவிட்டார். பளபளவென்று ஒரு போர்டு: 'சடையப்பன் குளோபல், பதிவு அலுவலகம்.'

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். டாக்டர் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார். அல்சருக்கு மாத்திரை இருக்கிறது, போர்டுக்கு இல்லை.

"அவன் வூட்டுக்கு நேர் எதிர்ல ஒரு வூடு பூட்டிக் கெடக்குது மேடம். அதான் என் ரிஜிஸ்டர்டு ஆபீஸு. காலைல கதவைத் தொறந்தான்னா அவன் என் போர்டுலதான் முழிக்கணும்!"

"கம்பெனிக்கு வர்ற தபாலை வாங்க அங்கே ஆள் வேணும். வீட்டுக்காரங்க சம்மதக் கடிதமும் வேணும்."

"புரோக்கர் கைல பேசியாச்சு. ஜெகதாம்பாள்னு ஒரு பெரியம்மா, திருக்கழுக்குன்றத்துல கீறாங்க. கேட்ட வாடகைக்கு சரின்னுட்டேன்."

"எல்லாம் செங்கல்பட்டுல இருக்க, ஆபீஸ் மட்டும் எதுக்கு சார் அங்கே?"

"திருக்கழுக்குன்றத்துக்குக் கழுகு வந்துச்சே, காசில குளிச்சுட்டுத்தானே வந்துச்சு? காசிக் கழுகுன்னா சொன்னாங்க? எங்க வந்து குந்துதோ அதான் மேடம் அட்ரஸு."

கம்பெனிச் சட்டத்தில் கழுகைப் பற்றி ஒன்றும் இல்லாததால் வசுமதி பேனாவைத் திறந்தார்.

வீட்டில் மனைவி பூங்கொடி அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"அவருக்குக் கம்பெனி கீது, போர்டு வச்சாரு. உனக்கு இன்னாய்யா கீது?"

"போர்டு வச்சா கம்பெனி பின்னாடியே வரும்டி."

"சரி, அந்த ஆளு கம்பெனில இன்னாதான் பண்றாராம்?"

"குளோபல்டி! குளோபல்னா எல்லாந்தான்."

"இந்த எரிச்சல்ல ஒரு அடுப்பு பத்த வச்சிருந்தா நாலு கல்யாணத்துக்குச் சமைச்சிருக்கலாம்" என்று பூங்கொடி உள்ளே போய்விட்டாள்.

மூன்று வேனில் ஒன்றை விற்றார். பாதி அட்வான்ஸுக்குப் போயிற்று, மீதி போர்டுக்கு. சடையப்பன் போர்டைப்போல இரண்டு மடங்கு. அதைச் சுவரில் ஏற்ற ஆறு பேர் வந்தார்கள். முட்டுக்காட்டில் படகு விடுகிறவர்கள் தண்ணீரில் இருந்தபடியே எழுத்துக்கூட்டிப் படித்ததாகக் கேள்வி.

மறுநாள் விடிவதற்கு முன்பே கண்ணாயிரம் தன் போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சடையப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். போர்டில் முழித்தான். முகம் சுருங்கியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டான்.

"மச்சான்... இன்னாடா இது? என் போர்டைத் தீப்பெட்டி மாரி ஆக்கிட்டியேடா!"

"இன்னும் சின்னதாத்தான்டா வைக்கச் சொன்னேன். பெயிண்டர் கேக்கல."

"எனக்கு இனிமே சோறு எறங்காதுடா."

"டாக்டர் மாத்திர குடுப்பாரு, வாங்கிப் போடு."

கண்ணாயிரத்தின் வயிற்றெரிச்சல் அந்த நிமிஷமே நின்றது. செங்கல்பட்டு திரும்புகிற வழியில் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டார். ஏப்பம்கூட இனித்தது.

அவர் வேன் திருப்பத்தில் மறைந்ததும், சடையப்பன் படியிலிருந்து எழுந்து, ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தன் போர்டைக் கழற்றினான்.

"பூவாயி! திருக்கழுக்குன்றத்துக்கு, உங்கம்மாவுக்குப் போன் போடு. ரெண்டு வருஷமா பூட்டிக் கெடந்த வூட்டுக்கு ஆள் குடி வந்தாச்சுன்னு சொல்லு."

அவன் மனைவி பூவாயி வெளியே வந்து எதிர்வீட்டைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "ஏன்யா, உன் கம்பெனில இன்னா தொழில்னு அந்த மனுசன் ஒரு வார்த்தகூடக் கேக்கலியா?"

"இதான்டி தொழில்" என்று போர்டைத் துடைத்து அவள் கையில் கொடுத்தான் சடையப்பன். "மாமல்லபுரத்துல உங்கண்ணன் வூடு காலியாத்தானே கீது? அதுக்கு எதிர்ச் சுவத்துல இத மாட்டிட்டு, நம்ம ஏசுபாதத்தை ஒரு டீ குடிக்க வரச்சொல்லு."