மூக்கால் வாங்கிய சோபா

"நல்லா மோந்து பாருங்க சார். அசல் தோல்!" என்றார் சோபாக் கடை விற்பனையாளர் டோமினிக்.

வீரமலை குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். இழுத்த வேகத்தில் விலைச்சீட்டு பறந்து வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. மணப்பாறை சந்தையில் காலமெல்லாம் மாட்டுத் தரகு பார்த்து ஓய்வுபெற்ற மூக்கு அது. லேசுப்பட்டதில்லை.

"இன்னிக்கும் ஒரு சோபா விக்கலைன்னா நாளைலேருந்து நீ லால்குடி குடோனுக்குப் போயிடு" என்று முதலாளி காலையில்தான் டோமினிக்கிடம் சொல்லியிருந்தார். அந்தக் குடோனில் எலிகள் பூனையைத் துரத்துமாம்.

வீரமலை விரலால் அழுத்தினார். மெல்லிய சுருக்கங்கள் ஓடின. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். தோல் அதைக் குடித்துக் கறுத்தது.

"அசல்தான். தாகம் இன்னும் தீரலை பாருங்க! இந்தத் தழும்பு வேலி முள்ளு கீறினது. ரொம்பக் கோவக்காரி மாடுங்க. சரி, அடுத்ததைக் காட்டுங்க."

"அசல்னு நீங்களே சொல்றீங்களே சார்?"

"அடுத்ததுங்க."

அடுத்ததை நகத்தால் சுரண்டினார். "தோல் கழிவை அரைச்சு, பசை போட்டு ஒட்டியிருக்காங்க. அடுத்த பொங்கலுக்குள்ள அப்பளமா உரிஞ்சுடும்."

"இருந்தாலும் அதுவும் தோல்தானே சார்!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்று வீரமலை நகர்ந்தார்.

மூலையில் ஒரே ஒரு சோபா மிச்சம். டோமினிக் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டார். "இது கன்னுக்குட்டித் தோல் சார். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்!"

வீரமலை கண்ணை நன்றாகத் திறந்துகொண்டார். மோந்தார். வாசனையே இல்லை. தண்ணீர் விட்டார். முத்தாக உருண்டு ஓடியது. மெத்தையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தார்.

"ஏங்க, எந்த ஊர்ல கன்னுக்குட்டிக்கு உள்ள துணி வச்சுத் தைக்கிறாங்க?"

டோமினிக்கின் முகம் தொங்கிப் போனது. "மன்னிச்சிடுங்க சார். ரெக்சின். எதைக் காட்டினாலும் தோல்னு சொல்லச் சொல்லி முதலாளி உத்தரவு."

"தோல் கொஞ்சம்கூட இல்லையே?"

"பொட்டுகூட இல்லைங்க."

வீரமலை தொப்பென்று அதில் உட்கார்ந்து ஒரு துள்ளு துள்ளினார். "ஏத்துங்க வண்டியில!"

"சார்?"

"நான் தேடினதே இதைத்தாங்க. வாயைத் திறந்து கேட்டிருந்தா, எல்லாத்தையும் ரெக்சின்னு சத்தியம் பண்ணியிருப்பீங்க. என் பொண்ணு லவ் பண்ற பையனுக்கு ஸ்ரீரங்கம், உத்தர வீதி. ரொம்ப ஆசாரமான குடும்பம். நாளைக்கு அவங்கம்மா முதல்முறையா வீட்டுக்கு வராங்க. மாட்டுத் தோல்னு தெரிஞ்சா, கல்யாணப் பேச்சு முழுக்க நின்னுக்கிட்டேதான் பேசுவாங்க!"