மச்சான் தலையில் கட்டிய பெட்டி

பதுளை பஜாரில் டிவி, ரேடியோ கடை வைத்திருக்கும் ஜெயராசா வீட்டில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வெகுநாளாகிவிட்டது. தொலைந்த பதக்கச் சங்கிலி கிடைக்கும்வரை மூன்று வேளையும் கடை ரொட்டியான பாணும் சம்பலும்தான் என்று மனைவி சந்திரகாந்தி அடுப்பை அணைத்துவிட்டாள்.

சங்கிலி தொலைந்தது அவளுடைய அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில். அண்ணன் கந்தப்பன் வெலிமடையில் லொறி வைத்து மரக்கறி வியாபாரம் செய்கிறவர். அவர் மகளின் கழுத்து வீடியோவில் நிறைவாகத் தெரியட்டும் என்று சந்திரகாந்தி தன் சங்கிலியை இரவல் கொடுத்தாள். அம்மா கடைசிக் காலத்தில் அவளுக்கென்று கழற்றிக் கொடுத்த சங்கிலி அது. பெண் கூறைச் சேலை உடுத்தப் போனபோது நகைகளை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் மற்றதெல்லாம் இருக்கிறது, சங்கிலியைக் காணோம்.

வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். தட்டை நோக்கி ஒரு கை நீளுகிறது. அது மனிதன் கையா, வாழைப்பழச் சீப்பா என்றே சொல்ல முடியாதபடி படம் மங்கல்.

“சாதா டிவிடியில அவ்வளவுதாங்க தெரியும்,” என்றான் வீடியோக்காரன் துஷாந்த். “ஹை டெபினிஷன் டிஸ்க்ல போட்டா வெரல்ல உள்ள மோதிரங்கூடத் தெரியும். அதுல ப்ளூ-ரே, எச்.டி. டிவிடின்னு ரெண்டு வகை. ஒன்னோட டிஸ்க் மத்தப் பெட்டியில ஓடாது. எது வேணும்னு சீக்கிரம் சொல்லுங்க, கொழும்புல குடுத்து ஒன்னு போட்டுத் தாறேன். அடுத்த கல்யாணத்துக்கு இதே டேப்லதான் எடுக்கணும், அழிச்சிருவேன்.”

“என் வீட்டுல நடந்த களவு. பெட்டி, டிஸ்க் எல்லாம் என் செலவு,” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்ட கந்தப்பன், மறுநாளே ஜெயராசாவின் கடைக்கு வந்து நின்றார்.

“எது நல்லது மாப்ள?”

ஜெயராசாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கடையில் இரண்டு பெட்டிகளும் இருந்தன. ப்ளூ-ரேக்கு ஆள் வரும். எச்.டி. டிவிடியோ அந்த வருஷம், 2008இல், போட்டியில் தோற்று, செய்தவர்களே கைகழுவிவிட்ட சரக்கு. அதை யார் தலையில் கட்டுவது என்று அவர் தவித்துக்கொண்டிருந்தார். மச்சான் தலை வசதியாக முன்னால் நின்றது. பெட்டி ஓடத்தானே போகிறது? திருடனும் அகப்படுவான், பழைய சரக்கும் ஒழியும்.

“ப்ளூ-ரே வேணாம் மச்சான். அது நீலக் கதிரு. வெலிமடக் குளிருக்கு வெறச்சுப் போயிரும். எச்.டி. டிவிடிதான் இனி ஒலகம் பூரா!”

“பதுளையில வேற யார்ட்டயாவது இருக்கா?”

“ஊவா மாகாணத்துலயே இது ஒன்னுதான்! மொத ஆளு நீங்கதான்.”

“கொழும்புல?”

“அங்கயே தேடுறானுங்க, கெடைக்கல!” ஜெயராசாவுக்கே தன் பொய் இனித்தது.

கந்தப்பன் பெட்டியைத் தடவிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “அப்ப இதையே கட்டுங்க மாப்ள.”

பேரம்கூடப் பேசவில்லை. அப்பாவி மனுஷன் என்று ஜெயராசா கொஞ்சம் இரங்கக்கூடச் செய்தார்.

டிஸ்க் வந்துவிட்டது என்று கந்தப்பன் சொல்லியனுப்ப, ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தமெல்லாம் வெலிமடையில் கூடியது. சந்திரகாந்தி முன்வரிசையில் உட்கார்ந்தாள். திருடன் கையைப் பார்த்ததும் அடிக்க வசதியாக வீடு கூட்டும் தும்புத்தடியும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

கந்தப்பன் அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எச்.டி. டிவிடி பெட்டி ரொட்டி மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

“ஐயோ மாப்ள! பதுளையிலருந்து வரும்போது லொறியில உர மூட்டைக்கு அடியில வச்சுட்டேன் போல!”

சந்திரகாந்தி துஷாந்தைத் திரும்பிப் பார்த்தாள். டேப்பில் இப்போது வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டியாகிவிட்டது என்றான் அவன். அவள் விடவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

“அதான் டிஸ்க் இருக்கே! ஒலகம் பூரா இதுதான்னு வாய் கிழியச் சொன்னீங்களே. நாளைக்கே கொழும்புலருந்து இன்னொரு பெட்டி எடுப்பிச்சுத் தாங்க!”

மொத்தச் சொந்தமும் ஜெயராசாவைப் பார்த்தது. இந்தப் பெட்டி இனி வராது என்று சொன்னால், தெரிந்தே மச்சானை ஏமாற்றியது அம்பலமாகும். தும்புத்தடி வேறு அவள் கையில் சும்மா இருந்தது.

“எடுப்பிக்கலாம்... கொஞ்சம் நாளாகும்,” என்று மென்று விழுங்கினார்.

மனிதர் வியர்த்துப்போய் முற்றத்துக்கு வந்தார். கந்தப்பன் பின்னாலேயே வந்து, டிஸ்க்கை அவர் சட்டைப் பையில் செருகி, தோளில் அன்பாகக் கை போட்டுக் காதோடு சொன்னார்:

“இந்தப் பெட்டிய இனி எவனும் செய்யமாட்டான்னு தெரிஞ்சுதான் நீங்க வித்தீங்க, தெரிஞ்சுதான் நானும் வாங்குனேன், டிஸ்க்க நீங்க பத்தரமா வச்சுக்கங்க மாப்ள, எங்கம்மா சங்கிலிய நான் பத்தரமா வச்சுக்கிறேன்.”