அன்னம் போன வழி

ஆய்விதழ் ஒன்று, எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பீட்டுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைப் படித்ததும் சமஸ்கிருதப் பேராசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த ஸ்லோகத்துல ஹம்சகதின்னா அன்னம் மாதிரி நடை. காதலன் காதலியோட நடையில சொக்கி நிக்கிறான். இந்த மேதாவி 'அன்னம் போன வழி'ன்னு பிரிச்சு, அவனைப் பறவை பார்க்க அனுப்பிட்டான்! 'இலக்கண வாசனையே இல்லாத உளறல்'னு எழுதும்மா."

கணினி முன் இருந்த மனைவி தட்டச்சு செய்துவிட்டு, கட்டுரையையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"கல்யாணமான புதுசுல இதை நான்தாங்க டைப் பண்ணினேன். உங்க முதல் கட்டுரை. யாரோ வரிக்கு வரி காப்பியடிச்சிருக்காங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உளறலை அழிச்சிடு. 'அபாரமான, நுட்பமான ஆய்வு. ஆனால் அப்பட்டமான திருட்டு'ன்னு போடு."