மெஷின் எடுத்த பெரட்டு

ஆயர் தாவார் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் காலைப் பெரட்டு எடுக்க மெஷின் வந்தது. அது பேரைக் கூப்பிடும். ஆள் குரல் கொடுத்தால் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நான்; நான் அதை நம்பவில்லை. ஆட்களும் நம்பவில்லை. ஆனால் நாங்கள் மறுத்தால் தோட்டம் குத்தகைக்காரன் கைக்குப் போகும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவன் வெளியாட்களைக் கொண்டுவருவான். எல்லாருக்கும் வேலை போய்விடும்.

புது மேனேஜர் கிருஷாந்தி யாரையும் அதட்டவில்லை. எங்களோடு வரிசையில் நின்று முதல் ஆளாகக் குரல் கொடுத்தார். மெல்ல எல்லாரும் பழகினோம்.

ஒருநாள் மெஷின், "சின்னப்பொண்ணு" என்றது. அந்தப் பேரில் எங்களிடம் யாரும் இல்லை. வரிசைக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்திலிருந்து, "வந்துட்டேங்க" என்றது ஒரு பெண்குரல்.

"நாளைலேருந்து நான் வரல லா, மண்டோரண்ணே" என்றான் வரிசையில் நின்ற குணாளன். ஆட்கள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

கிருஷாந்தி அசையாமல் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். "பெரட்டுக்கு வந்தவங்கள சும்மா அனுப்பக்கூடாது. அக்கா, நீங்க ஆத்தோரக் காட்டுக்குப் போங்க" என்றார். ஆட்கள் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வரிசைக்கு வந்தார்கள். இப்படி ஓர் அதிகாரியை நான் பார்த்ததில்லை.

மத்தியானம், ஆத்தோரக் காடு என்று நாங்கள் சொல்லும் அந்தத் தோட்டப் பகுதிக்குப் போனேன். அங்கே ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிறது. ஒரு செம்பனையின் அடியில் வாளி நிறைய ரப்பர் பால் இருந்தது. இன்னும் உறையவில்லை.