வெளியே தொங்கிய பூட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, என் கண்ணுங்களா. ஜூஜுவாடி லைன் வீட்டில் ஒரு பகல் பொழுதுக்குள் முடிந்துபோன கதை இது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய பவளம், புருஷனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டாள்.

"தேவுடா, ஆட்டுக்குட்டிய அடைக்கற மாதிரி அடைச்சிட்டுப் போறியே. நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?" பக்கத்து வீட்டு நாராயணம்மா தினமும் கேட்பதுதான்.

"ஆட்டுக்குட்டின்னா தழை போட்டா போதும்க்கா. இதுக்குச் சோறுல்ல ஆக்கி வெக்கணும்." சிரித்தபடி சாவியை அவளிடம் கொடுத்தாள் பவளம்.

கதவை ஒட்டினாற்போல் ஜன்னல். கம்பிக்கு நடுவே அவள் புருஷன் கருப்பசாமியின் கை வெளியே வந்து, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தது.

"ம், விழுந்திருச்சு. நீ கெளம்பு புள்ள, கம்பெனி பஸ்சு போயிரும்."

பூட்டு பவளத்தின் யோசனை. திருட்டுக் கேஸில் ஐந்து தடவை உள்ளே போய் வந்தவன் அவன். கடைசியாக வெளியே வந்ததிலிருந்து, ரப்பர் வாஷர்களைக் கூடையில் வாங்கி வந்து ஓரம் வெட்டிக் கொடுத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தான். ஆனாலும் அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும் ஜீப் முதலில் பழைய ஆள் வாசலில்தான் வந்து நிற்கும்.

"வெளிய பூட்டு தொங்குனா உங்கள யாரு என்னா சொல்ல முடியும்? சாவிதான் அக்காகிட்ட இருக்குதே. இன்னொருக்கா உங்கள இட்டுக்கினு போனா, நான் ராயக்கோட்டைக்கு எங்கம்மா வூட்டுக்கே போயிடுவேன். கொழந்த மூஞ்சிய நீங்க பாக்கவே முடியாது." பூட்டு வாங்கி வந்த அன்றே பவளம் சொல்லிவிட்டாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் மேடிட்ட வயிற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எப்படித் திருடினாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் ஜீப் வந்தேவிட்டது. பின்தெருவில் ஆளில்லாத வீட்டில் நகை போயிருந்தது.

"அவன் எங்கியும் போகல சார். காலைல பூட்டுனது, இன்னும் தெறக்கல. இதோ சாவி." நாராயணம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

"நீங்க இங்கியேதான் இருந்தீங்களா?" எஸ்.ஐ. கேட்டார்.

"நடுவுல ரேஷன் கடைக்குப் போனேன் சார். ஆனா சாவி எங்கூடத்தானே வந்துச்சு."

"தெறங்க."

நாராயணம்மா அவசரமாகப் பூட்டில் சாவியைத் திணித்தாள். சாவி துவாரத்தில் சிக்கிக்கொண்டு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கருப்பசாமியின் கை நீண்டது.

"விடும்மா, ஒடைஞ்சிரப் போவுது." சாவியை இரண்டு விரலால் லேசாக அசைத்துத் திருப்பினான். பூட்டு வாயைத் திறந்தது.

வெளியே வந்தவன் உள்ளே கையைக் காட்டினான். "கூடையப் பாருங்க சார். காலைலருந்து அத்தனையும் நான் வெட்டுனது."

எஸ்.ஐ. கூடையைப் பார்க்கவில்லை. ஜன்னலையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய பவளம், சாப்பாட்டுப் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், பூட்டித்தான சார் இருந்துச்சு? நீங்களே வந்து பாத்தீங்கல்ல? பூட்டுன வூட்டுக்குள்ள இருந்தவரு எப்படி சார் போயித் திருடுவாரு?"

கருப்பசாமி தலையைக் குனிந்துகொண்டான். போலீஸ்காரர் ஒருவர் அவன் தோளில் கை வைத்து ஜீப்பின் பக்கம் நகர்த்தினார். எஸ்.ஐ. அந்தப் பூட்டை எடுத்துப் பவளத்தின் கையில் வைத்தார். குரலில் கோபம் இல்லை.

"சாவியில்லாம பூட்டத் தெறக்கறது, எடுத்துட்டுத் திரும்பப் பூட்டிட்டுப் போறது. அஞ்சு கேஸும் அதுதாம்மா."

போய் வாங்க, கண்ணுங்களா. உங்க வீட்டிலிருந்து வெளியே போனவங்க எல்லாரும் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேரட்டும். உங்க வாசலில் சொந்தக்காரங்க வண்டி மட்டுமே வந்து நிற்கட்டும்.