மரநாயின் மீசை

பனங்காட்டில் எந்த மரத்துக் கள் சிறந்தது என்று கண்டுபிடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று மரநாய் முடிவெடுத்தது.

"தப்பாச் சொன்னா மீசையை எடுத்துடறேன்டா!" என்று அணிலிடம் சபதம் வேறு போட்டது.

மரம் மரமாக ஏறிக் கலயங்களில் வாய் வைத்தது. "இது புளிப்பு. இதுல நுரை பத்தாது" என்று பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டியது. கடைசி மரத்தில் கண் சொருகிப்போய், "ஆஹா, இதாண்டா சரக்கு! என்னமா ஏறுது பாரு!" என்று கூவியது.

அணில் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தது. "அண்ணே, உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கு. இது போதையே ஏறாத பதநீர். மீசையை எடுத்துடலாமா?"

மரநாய் மீசையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது.

"அவசரப்படாதே தம்பி. இதுவரைக்கும் நடந்தது ஒத்திகை. போட்டி இனிமேதான்" என்று முதல் மரத்தை நோக்கித் தள்ளாடி நடந்தது.